தப்பு செய்தவனுக்கு எதற்கு மிருதங்கம்?

போன வருடம் நம் கிளையின் மாதக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கலைப் பிரிவைக் கவனிக்கும் அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, நீ மிருதங்கம் வாசிப்பதானே? ஞாயித்துக்கிழமை காலையில பையன்களுக்குச் சொல்லிக் குடுக்க வர்றியா?"

எந்தப் பையன்கள் என்று கேட்டேன். கோர்ட் உத்தரவில் உள்ளே இருக்கும் பையன்கள் என்றார். வேலி போட்ட பள்ளி. பெரும்பாலும் 15, 16, 17 வயது. நம்ம பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

"முடியாதுக்கா, அசைன்மென்ட் நிறைய இருக்கு" என்றேன். அசைன்மென்ட் இருந்தது உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை. காரணம் என் பாட்டி.

நான்கு வருடத்துக்கு முன்னால், கிள்ளானில் எங்கள் தாமானில் பாசார் மாலாம் போடும் ஒரு சாயந்திரம், பாட்டி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தார். மோட்டாரில் இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் கழுத்துச் சங்கிலியை இழுத்தான். தாத்தா தவறிய பிறகு தாலிப் பவுனை உருக்கிச் செய்து போட்ட சங்கிலி அது. சங்கிலி உடனே அறுந்திருந்தால் பாட்டி நின்றிருப்பார். அறுவதற்கு ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடியில் பாட்டி சாக்கடை ஓரச் சிமெண்டில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது.

அதற்கு முன்னால் பாட்டி வெள்ளிக்கிழமைதோறும் அஞ்சடியில் பாய் விரித்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுப்பார். திருமுறை ஓதும் விழாவுக்கு எங்கள் வரிசை வீடுகளிலிருந்து போன பிள்ளைகள் எல்லாம் அந்தப் பாயில் உட்கார்ந்தவர்கள்தான், நானும் சேர்த்து. ஆபரேஷனுக்குப் பிறகு பாட்டியால் தரையில் உட்கார முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாமே என்று அம்மா சொன்னார். பாட்டி கேட்கவில்லை. பாய் சுருட்டியபடி இன்னும் அலமாரிக்கு மேலே இருக்கிறது.

பின்னால் உட்கார்ந்திருந்தவன் பிடிபட்டான். வயது 16 என்று போலீஸ்காரர் சொன்னார். சங்கிலி கிடைக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். அவனைப் போன்ற ஒருவனுக்கு நான் போய் 'த தி தொம் நம்' சொல்லிக் கொடுக்க வேண்டுமா? பாட்டியின் வகுப்பு நின்று போனதற்குக் காரணமானவனுக்கு இலவசமாக ஒரு வகுப்பா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். நான் கெட்டியான முடிவுக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

முதலில் இந்த இடங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலருக்குப் பெயர் மட்டும்தான் தெரியும். 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சிறார். குற்றம் நிரூபணமானால் கோர்ட் எச்சரித்து விடலாம், நன்னடத்தை உத்தரவில் வீட்டுக்கே அனுப்பலாம், சமூகநல இலாகா நடத்தும் துனாஸ் பக்தி பள்ளிக்கு அனுப்பலாம், அல்லது சிறைச்சாலைத் துறை நடத்தும் ஹென்றி கர்னி பள்ளிக்கு அனுப்பலாம். மலாக்கா தெலுக் மாஸில் இருக்கும் ஹென்றி கர்னிதான் நாம் அதிகம் கேள்விப்பட்டது. சேட்டை பண்ணினால் அங்கே அனுப்பிவிடுவேன் என்று சின்ன வயதில் மாமா மிரட்டுவார். அந்தப் பெயருக்குரியவர் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி. 1951 அக்டோபர் 6-ஆம் தேதி ஃபிரேசர் மலைக்குப் போகும் வழியில் கம்யூனிஸ்டுகள் பதுங்கித் தாக்கியதில் சுட்டுக் கொல்லப்பட்டார். வன்முறையில் செத்த ஒரு மனிதரின் பெயரைச் சட்டையில் சுமந்துகொண்டு தப்பு செய்த பையன்கள் படிக்கிறார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனாலும் எனக்கு அது மனதில் நின்றது.

நான் போன இடம் எது என்று எழுதப் போவதில்லை. ஆம், கடைசியில் போனேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தீபாவளி வந்தது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் நம் கிளை ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகும். முறுக்கு, போர்வை, இரண்டு பஜனைப் பாட்டு, ஒரு குழுப்படம். அந்த வருடம் நான் வாசித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் ஒரு தாத்தா நாற்காலிக் கையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். சும்மா தட்டவில்லை. நான் எங்கே தாளம் விட்டேனோ அங்கே அவர் விடவில்லை. முடிந்ததும் பக்கத்தில் போய்ப் பேசினேன். காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவராம். மாரியம்மன் திருவிழாவில் தவில் வாசித்திருக்கிறாராம். மிருதங்கத்தை மடியில் வைத்துக் கொடுத்தேன். கை நடுங்கியது. ஆனால் விழ வேண்டிய இடத்தில் அடி விழுந்தது. "தம்பி, அடுத்த வாரமும் வருவீங்களா?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அடுத்த தீபாவளிக்குத்தான் வருவோம் என்று எப்படிச் சொல்வது?

வேனில் திரும்பும்போது செயற்குழு அண்ணன் ஒருவர் சொன்னார்: "அந்தப் பெரியவரப் பாக்க வீட்டுலேர்ந்து யாரும் வர்றதில்ல தெரியுமா? குடிச்சிட்டு பொண்டாட்டி பிள்ளைங்கள அப்படி அடிச்சிருக்காரு. மூத்த மகனுக்கு ஒரு காது கேக்காதாம்."

வேனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எனக்குத்தான் போகவில்லை. அவருக்குப் பாடினோமே, போர்வை கொடுத்தோமே, மடியில் மிருதங்கத்தை நானே வைத்தேனே. ஒருவர்கூட "இவருக்குத் தகுதி இருக்கா" என்று கேட்கவில்லை. விஷயம் தெரிந்த அந்த அண்ணன்கூடக் கேட்கவில்லை. ஒரு மகனின் காது, என் பாட்டியின் இடுப்பு. இரண்டும் கைகள் செய்த வேலைதான். ஒரு கைக்கு வயது 78, இன்னொரு கைக்கு 16.

யோசித்துப் பார்த்தால், கலையைக் கொண்டுபோகும்போது நாம் எல்லாரிடமும் ஒரே கணக்குப் பார்ப்பதில்லை. குழந்தைகளிடம் கணக்கே திறப்பதில்லை. என்னைச் சின்ன வயதில் அப்பா கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏற்றி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவுக்கு நடத்திக் கூட்டிப் போவார். அங்கே இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981-இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் தூண்டுதலில் தொடங்கியது. பரதம், வீணை, தபேலா என்று மாடி மாடியாகச் சத்தம் கேட்கும். கீழே அன்னலட்சுமி உணவகம், மனசுக்குத் தோன்றியதைக் கொடு என்ற முறைக்குப் பேர்போனது. 'இந்தப் பிள்ளை இதைக் கற்றால் சமூகத்துக்கு என்ன லாபம், குற்றம் எத்தனை விழுக்காடு குறையும்' என்று அங்கே எந்த அப்பாவும் கேட்டு நான் பார்த்ததில்லை. பிள்ளை ஆடினால் சந்தோஷம், அவ்வளவுதான். முதியவர்களிடம் கணக்கை மூடிவிடுகிறோம். பாவம், எத்தனை நாள் இருக்கப் போகிறார் என்று விட்டுவிடுகிறோம். திறந்தபடி வைத்திருக்கும் கணக்கு நடுவில் இருக்கும் அந்தப் பையனுடையது மட்டும்தான். அவன் ஒருவன்தான் ஒரு தாளத்தைக் கற்பதற்கு முன்னால் திருந்திக் காட்ட வேண்டும். இல்லையென்றால், கற்றதால் திருந்திக் காட்ட வேண்டும்.

இதை மாமாவிடம் சொன்னேன். மாமா லாரி ஓட்டுகிறார், நியாயமாகப் பேசுவார். "சரிடா. ஒழுங்கா இருக்கிற பையனுக்கு என்ன? நம்ம பக்கத்து வீட்டுக்காரம்மா மகன் பரதம் படிக்கணும்னு ஆசப்பட்டான். ஃபீஸ் கட்ட முடியல, நின்னுட்டான். அவன் யார் கழுத்துச் சங்கிலியையும் அறுக்கல. அவனுக்கு ஃப்ரீயா யார் சொல்லிக் குடுத்தா?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அவனுக்கும் யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்பது உண்மை. அதற்காக இவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஆகாது என்பதும் உண்மை. ஆனால் மாமா கேட்டது நியாயத்தைப் பற்றி. உள்ளே போனால்தான் நம் இயக்கம் தேடி வரும் என்றால் அது கோணலான நியாயம்தான். பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி நம் கிளைக் கூட்டத்தில் இதுவரை யாரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் கல்கத்தா கதையைப் படித்தேன். அலோகானந்தா ராய் என்ற நடனக் கலைஞர் 2007-இல் மகளிர் தின விழாவுக்காகப் பிரசிடென்சி சிறைக்குப் போகிறார். அங்கே வெறுமனே நின்றுகொண்டிருந்த இளைஞர்களைப் பார்த்து, இவர்களுக்கு நான் ஆடச் சொல்லித் தரட்டுமா என்று அதிகாரியிடம் கேட்கிறார். ஆட்டமெல்லாம் பெண்கள் சமாச்சாரம் என்று முதலில் ஒதுங்கியவர்கள் மெல்ல மெல்ல அவரை 'மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்களை வைத்து அவர் மேடையேற்றியது தாகூரின் 'வால்மீகி பிரதிபா'. சிறைக்கு வெளியே பொது அரங்குகளிலும் ஆடினார்கள். வால்மீகியாக நடித்த நைஜல் அக்காரா பல வருடம் உள்ளே இருந்தவர். 2009-இல் வெளியே வந்தார். 2012-இல் இதே கதையைத் தழுவி எடுத்த 'முக்தோதாரா' என்ற வங்காளப் படத்தில் அவரே கதாநாயகன்.

கதை இனிப்பாக இருக்கிறது. அதனாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம். ஒரு நைஜல் வெளியே தெரிகிறார். ஆடிவிட்டுத் திரும்பப் போய்ப் பழைய வேலையே செய்தவர் இருந்தால் அவரைப் பற்றி யார் படம் எடுப்பார்கள்? ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒன்று. அந்த நாடகத்துக்கு ஏன் வால்மீகி?

தாகூர் அதை எழுதியது 1881-இல், இருபது வயதுகூட நிறையாதபோது. அவரே வால்மீகியாக நடித்தார். அதில் வால்மீகி கொள்ளைக்கூட்டத் தலைவன். காளிக்குப் பலி கொடுக்க ஒரு சிறுமியைப் பிடித்து வருகிறார்கள். அவளைப் பார்த்ததும் அவன் மனம் இளகுகிறது, விட்டுவிடுகிறான். அப்புறம் லட்சுமி வந்து செல்வம் தருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்கிறான். கடைசியில் சரஸ்வதி வந்து வீணையைக் கொடுக்கிறாள். அதாவது முதலில் மனம் மாறுகிறது, பிறகு வீணை கிடைக்கிறது. அங்கே கலை ஒரு பரிசு.

என் பாட்டி சொல்லும் கதையில் வரிசை வேறு. அத்யாத்ம ராமாயணத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான் வருகிறது. வழிப்பறிக்காரனை முனிவர்கள் கேட்கிறார்கள்: நீ சம்பாதிப்பதைச் சாப்பிடும் உன் குடும்பம் உன் பாவத்திலும் பங்கு வாங்கிக்கொள்ளுமா, போய்க் கேட்டு வா. அவன் போய்க் கேட்கிறான். பாவம் உன்னுடையது, எங்களுக்கு வேண்டாம் என்கிறார்கள். ஆடிப்போய்த் திரும்பி வருகிறான். ராம நாமத்தைச் சொல்லும் நிலையில்கூட அவன் இல்லை. அதனால் எழுத்தைத் திருப்பி 'மரா மரா' என்று சொல்லச் சொல்கிறார்கள். அந்த நொடியில் அவன் திருந்தியவனா? பயந்தவன், அவ்வளவுதான். நாமத்தை முதலில் கொடுத்துவிட்டார்கள். புற்று மூடும் அளவுக்கு வருடங்கள் அதற்குப் பிறகுதான் போகின்றன. அருணகிரிநாதரைப் பற்றிய நம் மரபுக் கதையும் அப்படித்தானே? திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கிப் பிடித்து முதல் அடியை எடுத்துக் கொடுத்தான் என்கிறோம். ஆறு மாதம் நன்னடத்தை பார்த்துவிட்டுக் கொடுத்தான் என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டு கதையில் எது சரி என்று நான் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் பாட்டியின் கதையில் இருக்கும் ஒரு விஷயம் தாகூரிடம் இல்லை. குடும்பம் பாவத்தில் பங்கு வாங்க மறுத்தது அல்லவா, முனிவர்களும் வாங்கவில்லை. நாமத்தைக் கொடுத்தார்கள், பாவத்தைத் தள்ளுபடி செய்ததாக அங்கே வரவில்லை. இரண்டும் தனித்தனிக் கணக்கு. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு விட முடிந்தது. அந்தப் பையனுக்குத் தாளம் சொல்லிக் கொடுத்தால் பாட்டிக்கு அவன் செய்ததை நான் மன்னித்ததாக ஆகாது. மன்னிக்க எனக்கு உரிமையே கிடையாது. விழுந்தது நான் இல்லை.

அக்கா இரண்டாவது முறை கேட்டபோது சரி என்றேன்.

முதல் நாள் வாசலில் போனைக் கொடுத்தேன், அடையாள அட்டையைக் கொடுத்தேன். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கும் கல்லையும் கட்டையையும் ஓர் அதிகாரி எண்ணி எழுதிக்கொண்டார். திரும்பும்போதும் எண்ணினார். உள்ளே பதினொரு பையன்கள். மொட்டைத் தலைகள். யாரும் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். என்ன குற்றம் செய்தாய் என்று கேட்கக் கூடாது என்பது விதி. நான் வாயால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொருவனுடைய வலது கையையும் பார்த்தேன். இழுத்தது இந்தக் கையா? என் பாட்டியைத் தள்ளியவன் அதற்குள் வெளியே வந்திருப்பான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தேன். முதல் மூன்று வாரம் நான் நல்ல ஆசிரியனாக இல்லை.

நான்காவது வாரம் ஒருவன் கேட்டான். "அண்ணே, இது வேணாண்ணே. உருமி கொண்டு வர முடியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்கும் புரியும். உருமி என்றால் நம் பெரியவர்களுக்கு முகம் மாறும். கிள்ளான் வட்டாரத்தில் உருமி இல்லாத கல்யாணம் உண்டா, காவடி உண்டா, சாவு உண்டா? தோட்டத்துக் காவல் தெய்வங்களை அழைத்த வாத்தியம் அது. ஆனால் இன்று உருமி என்றதும் கருப்புச் சட்டை, கேங் நம்பர், சாவு ஊர்வலம் என்றுதான் நினைக்கிறோம். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. மொத்த உறுப்பினர் 40,313 பேர், அதில் இந்தியர் 28,926 பேர். நாட்டில் நாம் ஏறக்குறைய 7 விழுக்காடு, அந்தப் பட்டியலில் ஏறக்குறைய 72 விழுக்காடு. நான் அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்தேன். வீட்டில் பெரியவர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தது நினைவிருக்கிறது. அந்த வெட்கத்தில் நாம் செய்த ஒரு காரியம், உருமியையும் அந்தப் பட்டியலோடு சேர்த்துவிட்டது. மிருதங்கத்தை மட்டும் பையன்களிடம் கொண்டுபோனதும் அதே வெட்கம்தான் என்று இப்போது நினைக்கிறேன். உன்னிடம் இருப்பதைக் கீழே போடு, எங்களிடம் இருப்பதை எடுத்துக்கொள் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அனுமதி கிடைக்க மூன்று வாரம் ஆனது. வளைந்த குச்சி ஒன்று, நேர்க் குச்சி ஒன்று என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். கேட்ட பையன் உருமியைத் தோளில் மாட்டிக்கொண்டு முதலில் தோலைத் தடவிப் பார்த்தான். பிறகு வளைந்த குச்சியை அழுத்தித் தேய்த்தான். அந்த உறுமல் சிமெண்டுச் சுவரில் பட்டுத் திரும்பியபோது மற்ற பையன்கள் நிமிர்ந்தார்கள். முதல் முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வாசலில் இருந்த மலாய் அதிகாரி எழுந்து வந்து கதவருகே நின்றார். நிறுத்தச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். நின்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவன் வாசித்தது சாமி அழைக்கும் அடி. நான் எண்ணிக்கொண்டு வாசிக்கிறவன். ஆதி தாளம் எட்டு, விரல் மடக்குவேன். அவன் எண்ணவில்லை. மூச்சில் வைத்திருந்தான். நான் கூடச் சேரப் பார்த்து மூன்று முறை தவறினேன். "அண்ணே, அவசரப்படுறீங்க" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அவன் கையைப் பார்த்தபோது எந்த விரல் எங்கே அழுத்துகிறது என்று பார்த்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் அது உறைத்தது. உறைத்ததும் பாட்டிக்குத் துரோகம் செய்துவிட்டேனோ என்று இருந்தது.

இங்கே நான் ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் வழக்கம்போல ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். 'பங்கேற்பாளர்களின் நடத்தையில் முன்னேற்றம் தெரிந்ததா?' ஆம், ஓரளவு, இல்லை. நான் பொறியியல் மாணவன். லேப்பில் ஒரு சென்சாரைச் சோதிக்காமல் ரீடிங் எழுதினால் டியூட்டர் தாளைத் திருப்பி எறிவார். ஞாயிறு இரண்டு மணி நேரம் மட்டும் பார்க்கும் ஒருவனின் நடத்தையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அந்த வாரம் அந்த உருமிப் பையன் யாரையோ அடித்துவிட்டு வகுப்புக்கு வராமல் இருந்தான். நான் 'ஆம்' என்று குறித்தேன். அப்படிக் குறித்தால்தான் அடுத்த பருவத்துக்கு அனுமதியும் வேனுக்குப் பணமும் வரும்.

பொய் சொன்னது தப்பு. ஆனால் அந்தக் கேள்வியும் என்னை உறுத்துகிறது. 'இல்லை' என்று நான் எழுதியிருந்தால் வகுப்பை நிறுத்தியிருப்போமா? முதியோர் இல்லத்துத் தாத்தா மிருதங்கம் வாசித்துத் திருந்தினாரா என்று யாரும் படிவம் தரவில்லை. கலை மனிதனை மாற்றும் என்று மேடையில் பேசுவது சுலபம். மாற்றாமலும் போகலாம். நன்றாகப் பாடத் தெரிந்த கொடுமைக்காரர்களை எல்லாருக்கும் தெரியும். 16 வயதுப் பையனுக்குச் சாப்பாடு போடும்போது இந்தச் சோறு அவனை நல்லவனாக்குமா என்று நாம் கேட்பதில்லை, வயது 16, பசிக்கும், போடுகிறோம். தாளமும் அந்த வரிசையில் வருமா, மருந்து வரிசையில் வருமா என்பதுதான் எனக்கு உண்மையான கேள்வியாகத் தெரிகிறது. நான் சோற்று வரிசையில் வைக்கிறேன். படிவம் மருந்து வரிசையில் வைக்கிறது. மாமா இரண்டிலும் வைக்காமல், பரிசு வரிசையில் வைக்கிறார்.

பாட்டியிடம் இதையெல்லாம் ஆரம்பத்திலேயே சொல்லவில்லை. ஞாயிறு காலை எங்கே போகிறாய் என்று கேட்டபோது வகுப்பு எடுக்கப் போகிறேன் என்றுதான் சொன்னேன். மாமாதான் உளறிவிட்டார். பாட்டி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ராத்திரி வாக்கரைப் பிடித்துக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்து நின்றார்.

"அந்தப் பையன்கள் நல்லா வாசிக்கிறானுங்களா?"

"ஒருத்தன் நல்லா வாசிக்கிறான் பாட்டி. என்னவிட நல்லா."

"தேவாரம் யாராச்சும் சொல்லிக் குடுக்கிறாங்களா?"

"இல்ல பாட்டி. ஆள் இல்ல."

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். "என் இடுப்பு ராத்திரியில எப்படி வலிக்குதுன்னு அவனுங்ககிட்ட சொல்லிருக்கியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சொல்ல விதி இல்லை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. விதி இருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். வகுப்பு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை. பாட்டி கேட்டதில் இருந்த நியாயம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஒரு பக்கம் பதினொரு பையன்களுக்கு வாத்தியம், ஆசிரியர், வேன், படிவம், கட்டுரை எழுத நான். இன்னொரு பக்கம் சங்கிலி போனவர்கள், எலும்பு உடைந்தவர்கள். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, உங்களுக்குப் பாட வேண்டும்போல இருக்கிறதா, நாங்கள் வரட்டுமா என்று எந்த இளைஞர் இயக்கமும் கேட்டதில்லை. நம் இயக்கமும்தான். என் வீட்டிலேயே அந்தப் பாயை இறக்கி விரிக்க எனக்குத் தோன்றவில்லையே. நாற்காலி போட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைக்க நான்கு வருடத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை இருந்தது!

போன மாதம் பையன்களின் நிகழ்ச்சி. மூன்று உருமி, இரண்டு மிருதங்கம், ஒரு பறை. ஆசிரியர்கள் வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வரலாம் என்று அனுமதி வந்தது. அம்மா வருகிறேன் என்றார். பாட்டியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

பாட்டி வாக்கரின் ரப்பர் குமிழைத் திருகிச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"நான் வரல. நீ போய்ட்டு வா. வரும்போது கோடாலித் தைலம் ஒண்ணு வாங்கிட்டு வந்துரு, முடிஞ்சிருச்சு."

நிகழ்ச்சி ஒரு மணி நேரம் நடந்தது. உருமிப் பையன் ஓரிடத்தில்கூட அவசரப்படவில்லை. திரும்பும் வழியில் லிட்டில் இந்தியாவில் வண்டியை நிறுத்தி, தைலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.